திரையில் சில நொடி, அலமாரியில் பல வருடம்: மாமா விட்டுச்சென்ற 11 துணைப்பாத்திரங்களை எப்படி மதிப்பிடுவது?

அரிசலாறு (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். என் மாமா சென்ற ஆவணியில் காலமானார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் நெடுங்காலம் வெல்டராக வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போது எல்லோரையும் போலத் தங்கமும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார். கூடவே நீளமான ஓர் அட்டைப்பெட்டியும் வரும். உள்ளே நிஜ உருவத்தில் ஆறில் ஒரு பங்கான 1/6 அளவில், மூட்டுகள் அசையும் பொம்மையான ஓர் ஆக்‌ஷன் ஃபிகர் இருக்கும். இப்படி 11 சேர்ந்திருக்கின்றன. ஏழு கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. நான்கு பெட்டிகள் திறக்கப்படவே இல்லை.

அத்தை என்னிடம், “நீதான் இதெல்லாம் பார்ப்பவன், விலை போட்டுக் கொடு, இரண்டு பிள்ளைகளுக்கும் பிரிக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டார். சிக்கல் என்னவென்றால், இந்தப் பதினொன்றில் ஒரு நாயகன்கூட இல்லை. எல்லாமே ஸ்டார் வார்ஸ் படங்களின் பாத்திரங்கள், ஆனால் நாயகன் லூக்கும் இல்லை, வில்லன் வேடரும் இல்லை. பாஸ்க், ஐஜி-88, கிரீடோ, பிப் ஃபோர்ச்சுனா என்று எல்லாமே பின்வரிசை ஆட்கள். மாமா வேண்டுமென்றேதான் அப்படி வாங்கியிருக்கிறார்.

நாயகர்களின் ஃபிகரை மதிப்பிட எனக்கு ஓரளவு தெரியும். நடிகரின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து முகச்சாயலைப் பார்ப்போம், கண்ணின் ஈரப்பளபளப்பைப் பார்ப்போம், மயிர்க்கோட்டைப் பார்ப்போம். பாஸ்கை எதோடு ஒப்பிடுவது? 1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் வேடரின் கப்பல் தளத்தில் கூலிவேட்டையர்கள் வரிசையாக நிற்கும் காட்சியில் வருகிறான். பல்லி முகம், மஞ்சள் உடுப்பு, வெறுங்கால், ஓர் உறுமல், அவ்வளவுதான். முதுகை நான் எங்கும் சரியாகப் பார்த்ததில்லை. காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் உடுப்பின் நிறமே ஒரு சட்டகத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் பச்சை கலந்தும் தெரிகிறது.

இவ்வளவு குறைந்த சாட்சியத்தை வைத்துக்கொண்டு, செய்தவர் நன்றாகச் செய்திருக்கிறாரா என்று எப்படிச் சொல்வது? பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

வண்டல் (சுவாமிமலை)

தம்பி, மாமாவுக்கு என் அஞ்சலி. நான் செப்புச் சிலை வார்க்கும் வீட்டில் பிறந்தவன். இந்த ஃபிகர்களையும் பத்து வருடமாகச் சேர்க்கிறேன். இரண்டு கண்ணோடும் சொல்கிறேன்.

முதலில் அளவு. பட்டறையில் நாங்கள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கிக்கொள்வோம். அதை மடித்து மடித்துப் பங்கு பிரிப்போம். மெழுகு உருவத்தின் ஒவ்வோர் உறுப்பும் அந்த ஓலைக்குக் கட்டுப்பட்டது. உருவத்தின் உயரத்தை முக நீளத்தால் அளக்கும் முறைக்குத் தாளம் என்று பெயர். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாளத்தில் உயர்ந்த அளவு, 124 பங்கு. அம்பாளுக்கு 120. பிள்ளையாருக்கு ஐந்து தாளம், பூதகணங்களுக்கு நான்கு தாளம். பூதகணம் யார் கண்ணிலும் படாத மூலையில் நிற்கும். ஆனால் அதற்கென்று ஓர் அளவு எழுதிவைத்திருக்கிறார்கள். துணைப்பாத்திரம்தானே என்று எவரும் கண்ணளவில் செய்துவிடுவதில்லை.

உங்கள் பாஸ்குக்கும் ஓர் ஓலை நறுக்குங்கள். பாத்திரத்தின் உயரம் 190 சென்டிமீட்டர் என்று குறிப்பிடுவார்கள். ஆறால் வகுத்தால் 31.7. உங்கள் ஃபிகர் 30க்குக் கீழே இருந்தால், செய்தவர் தன்னிடம் இருந்த பொது உடலை எடுத்து அதன்மேல் தலையை மாட்டியிருக்கிறார் என்று பொருள். இந்தத் துறையில் இது நிறைய நடக்கிறது. மூட்டுள்ள உடல் ஒன்றைச் செய்துவிட்டால் அதையே பத்துப் பாத்திரத்துக்குப் பயன்படுத்துவார்கள். நெட்டையனும் குட்டையனும் ஒரே உயரத்தில் நிற்பார்கள்.

அடுத்து தலை. இதை நன்றாக யோசியுங்கள். அந்தப் பல்லி முகமூடிக்குள் ஒரு மனிதர் இருந்தார். எனவே முகமூடி மனிதத் தலையைவிடப் பெரிதாகத்தான் இருந்தாக வேண்டும். கையுறை மனிதக் கையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் மட்டும் மனித அளவு. தலையை அழகான விகிதத்தில் சிறிதாக்கிய ஃபிகர் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அது திரையில் நின்ற உருவம் இல்லை.

மூன்றாவது முதுகு. உற்சவமூர்த்தியை அலங்காரம் செய்து மாலை சாத்திவிட்டால் பின்புறம் யாருக்கும் தெரியாது. இருந்தும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் முதுகைப் பாருங்கள், சிரச்சக்கரத்திலிருந்து இடுப்புப் பட்டையின் முடிச்சு வரை வேலை முழுமையாக இருக்கும். திரையில் காட்டாத இடத்தைச் செய்தவர் எப்படி நிரப்பினார் என்பதில்தான் அவருடைய மனசு தெரியும். நாயகனின் ஃபிகரில் அதற்கு வேலையே இல்லை, நாலு பக்கமும் படம் இருக்கிறது. பின்வரிசை ஆளிடம்தான் சிற்பிக்குச் சோதனை. உங்கள் மாமா அதைக் கண்டுகொண்டுதான் வாங்கியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

வண்டல் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அத்தை கேட்டது விலை. முதுகைப் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. பெட்டி திறந்ததா, மாற்றுக் கைகள் எல்லாம் இருக்கின்றனவா, ஆயுதம் இருக்கிறதா, தாங்கி இருக்கிறதா, வெளி அட்டை இருக்கிறதா, இவைதான் விலை. இந்தியாவில் இன்னொரு கணக்கும் உண்டு. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. புதிதாக வரவழைப்பவர் அதையும் கப்பல் செலவையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் நல்ல ஃபிகருக்கு அதனாலேயே கேட்பு இருக்கிறது. அந்தச் சாதகத்தை அந்தக் குடும்பம் இழக்கக் கூடாது.

சரியான உருவமே விலை பெறும் என்றும் சொல்ல முடியாது. 1978இல் கென்னர் என்ற பொம்மை நிறுவனம் அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளுக்காக, ஸ்டார் வார்ஸில் வரும் மதுக்கூடத்தை வைத்து ஒரு பொம்மைத் தொகுப்பு செய்தது. அதில் ஸ்னாகிள்டூத் என்ற பாத்திரம். நிறுவனத்தின் கையில் இருந்த புகைப்படத்தில் மேல்பாதிதான் தெரிந்ததாம். கீழ்ப்பாதியை ஊகித்து, நெட்டையாக, நீல உடுப்பும் வெள்ளிநிறப் பூட்ஸுமாகச் செய்துவிட்டார்கள். உண்மையில் அவன் குட்டை, உடுப்பு சிவப்பு. பிறகு திருத்தினார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது திருத்தியதையா? இல்லை, அந்தத் தவறான நீலத்தைத்தான். இது மூன்றே முக்கால் அங்குலச் சின்னப் பொம்மைகளின் கதைதான், ஆனால் சந்தையின் குணம் எல்லா அளவிலும் ஒன்றே.

அரிசலாறு (கும்பகோணம்)

வெண்ணாறு அண்ணா, நீங்கள் சொன்ன ஸ்னாகிள்டூத்தை வைத்துத்தான் எனக்கு இரவு முழுக்க யோசனை. அந்தக் கீழ்ப்பாதியை ஊகித்தவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. படத்தில் இல்லாததை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அது தவறு என்று தெரிந்த பிறகும் அதற்குப் பெரிய விலை கொடுப்பவர் அந்தப் பாத்திரத்தை நேசிக்கவில்லை, அரிதை நேசிக்கிறார். நாம் இரண்டையும் ஒரே சொல்லால் “மதிப்பு” என்கிறோம். எனக்கு அதுதான் இடிக்கிறது.

ஊசிநூல் (மயிலாடுதுறை)

நான் தையற்கடை வைத்திருப்பவள், துணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தம்பி, பாஸ்க் போட்டிருக்கும் உடுப்பு படத்துக்காகத் தைத்தது இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் பழைய உயர்வான்பறப்பு அழுத்த உடுப்பு. ஆகவே உங்களுக்குச் சாட்சியம் இல்லை என்று சொல்லாதீர்கள். நிஜமாகவே ஓர் ஆள் மாட்டிக்கொண்டு பறந்த உடுப்பு அது. அந்த வகை உடுப்பின் படங்களைத் தேடினால் முதுகு, பக்கவாட்டு நாடா, பை எல்லாம் கிடைக்கும். நாயகன் உடுப்பைக் கலைஞர் வரைந்து புதிதாகத் தைப்பார்கள். பின்வரிசைக்காரனுக்குக் கிடங்கில் கிடந்ததை மாட்டுவார்கள். அதனாலேயே அவனுடைய உடுப்புக்கு உலகத்தில் ஒரு மூலம் இருக்கும். உங்களிடம் இருக்கும் ஐஜி-88 என்ற ரோபோவின் தலையும் அப்படித்தான். அது ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் எஞ்சினின் எரிகலன் பாகம். அதே பொருள்தான் 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் மதுக்கூடத்தில் பானம் ஊற்றும் குழாயாக நிற்கிறது. எஞ்சின் பாகத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துத் துளைகளை எண்ணிப் பாருங்கள்.

இனித் துணி. நாம் போடும் சட்டைத்துணி கால் மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். அதே துணியில் 1/6 அளவுக்குத் தைத்தால், அந்தச் சின்ன ஆளுக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர் கனம். கோணிச் சாக்கைப் போட்டதுபோல நிற்கும். சட்டையில் அங்குலத்துக்கு 12 தையல் போட்டால், இதில் 72 போட வேண்டும். எந்த மெஷினிலும் அது நடக்காது. இருபது இருபத்தைந்து போட்டாலே கெட்டிக்காரர். எனவே தையலை எண்ணிக் குறை சொல்லாதீர்கள். துணியைத் தேர்ந்தது சரியா என்று பாருங்கள். மல் துணியைப் போல நெருக்கமான, மெல்லிய நெசவாக இருக்க வேண்டும். ஓரம் மடித்திருக்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா, உள்ளே பிசிறு விட்டிருக்கிறதா என்று காலரைத் திருப்பிப் பாருங்கள். பையைச் சும்மா மேலே வைத்துத் தைத்திருக்கிறார்களா, விரல்நுனி நுழையும் பையா?

தொங்கலையும் சொல்ல வேண்டும். நீளம் ஆறில் ஒன்றானால், எல்லா அளவும் அதே விகிதத்தில் குறையும்போது எடை 216இல் ஒன்றாகிவிடும். துணியின் விறைப்பு அந்த அளவுக்குக் குறையாது. அதனால் மேலங்கி விழவே விழாது, விரிந்து நிற்கும். நல்ல தயாரிப்பாளர்கள் ஓரத்துக்குள் மெல்லிய கம்பி வைத்திருப்பார்கள், தடவிப் பார்த்தால் தெரியும். பருத்தி உடுப்பாக இருந்தால் இலேசாக நீர் தெளித்து, மடிப்பை விரலால் அமைத்து, நூலால் தளர்வாகக் கட்டி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் அவிழ்த்தால் உடுப்பு உடம்போடு உட்கார்ந்திருக்கும். முதலில் உள்மடிப்பில் நிறம் போகிறதா என்று சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

கமலாலயம் (திருவாரூர்)

ஒரு சின்னக் கேள்வி. நான் கல்லூரியில் படிக்கிறேன். வீட்டில் எல்லோரும் “பொம்மை” என்றுதான் சொல்கிறார்கள். அது தவறான சொல்லா?

வண்டல் (சுவாமிமலை)

தவறே இல்லை தம்பி. 1964இல் ஹாஸ்ப்ரோ 12 அங்குல ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்தபோது, பொம்மை என்றால் ஆண்பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று “ஆக்‌ஷன் ஃபிகர்” என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டார்கள். அது அவர்கள் ஊர்க் கவலை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. கொலுப்படியில் அரசனும் செட்டியாரும் ஒரே வரிசையில் உட்காரும் ஊர் நம்முடையது. பொம்மை என்றே சொல்லுங்கள்.

உப்பளம் (வேதாரண்யம்)

இழையை முழுதும் படித்தேன். எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும், அதுதான் அவசரம். தம்பி, அந்த நான்கு பெட்டிகளையும் இந்த மழைக்கு முன் திறந்துவிடுங்கள்.

வெண்ணாறு அண்ணன் வருத்தப்படுவார். ஆனாலும் கேளுங்கள். இந்தப் பொம்மைகளின் பெல்ட், பூட்ஸ், துப்பாக்கி உறை எல்லாம் பெரும்பாலும் செயற்கைத் தோல். மேலே பூசியிருப்பது பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதைப் பிரித்துவிடும். நீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் மீன்செதில் போல உதிரும். பெட்டி மூடியிருப்பதால் ஒன்றும் நிற்காது. அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தட்டில் அழுத்திக்கொண்டிருக்கும் பெல்ட் அப்படியே ஒட்டிப்போகும். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்துக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எழும்பூரில் குளிர்சாதன அறையில் இருந்த திறக்காத பெட்டியும் கும்பகோணத்தில் மரப்பரணில் இருந்த திறக்காத பெட்டியும் ஒன்றல்ல.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கஜா புயல் எங்கள் மேல் வந்து இறங்கியது. ஓடு போயிற்று. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. என்னிடம் ஒன்பது பொம்மைகள் இருந்தன. பெட்டிகள் கூழாகிவிட்டன. பொம்மைகளைக் கிணற்று நீரில் கழுவி நிழலில் உலர்த்தினேன். முகமும் கையும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூட்டுக்குள் இருந்த இரும்பு ஆணிகள் ஆறு மாதத்தில் துருப்பிடித்து முழங்கையில் கறை இறங்கியது. கண்ணில் விளக்கு எரியும் ஒன்றில் பட்டன் பேட்டரியைக் கழற்றாமல் விட்டிருந்தேன், பச்சை பூத்துச் செத்துவிட்டது. அன்றிலிருந்து இருந்தவற்றைக் காப்பாற்றுவதுதான் எனக்குச் சேகரிப்பு.

செய்ய வேண்டியது: பேட்டரியை இன்றே கழற்றுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வையுங்கள், 45 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். பாச்சை உருண்டை மட்டும் கூடவே கூடாது, அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். புடவைப் பெட்டியில் போடுகிறோமே என்று நினைத்து என் தங்கை போட்டதில் ஒரு தலைக்கவசத்தின் பளபளப்பு போயிற்று. வேப்பிலையும் துணியில் கறை வைக்கும்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

உப்பளம் ஐயா, வருத்தமில்லை. கஜாவில் நீங்கள் பட்டதைப் படித்த பிறகு வாதாடத் தோன்றவில்லை. திறக்காத பெட்டிக்குக் கூடுதல் விலை உண்டு என்பதை நான் இப்போதும் சொல்வேன். ஆனால் உள்ளே பெல்ட் உதிர்ந்திருந்தால், வாங்குபவர் திறந்த அன்று அந்தக் குடும்பத்தின் பெயர் கெடும். அதற்குத் திறந்துபார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே மேல். அரிசலாறு, பெட்டியின் ஒட்டுப்பட்டையைக் கிழிக்காமல் கத்தியால் ஓரமாக அறுத்துத் திறங்கள். திறப்பதை வீடியோ எடுத்துவையுங்கள்.

விலையை இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஒன்று சந்தையில் என்ன கிடைக்கும் என்பது. அது அத்தைக்கு. இன்னொன்று வேலைப்பாட்டுக்கு நீங்கள் தரும் மதிப்பு. அது வாங்குபவருக்கும் நமக்கும். முதல் பத்தியில் உங்கள் விருப்பத்தைக் கலக்காதீர்கள், அது அவர்கள் பணம்.

அரிசலாறு (கும்பகோணம்)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்தேன்.

நான்கு பெட்டிகளையும் அத்தை முன்னால் திறந்தேன். மூன்று நன்றாக இருக்கின்றன. நான்காவதில் இடைப்பட்டை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது, எடுத்ததும் பாதி உதிர்ந்தது. ஐயா சொன்ன அதே செதில். இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் மற்ற மூன்றும் இப்படித்தான் ஆகியிருக்கும். ஐஜி-88இன் கண் விளக்குக்கான பேட்டரிகளைக் கழற்றிவிட்டேன். எஞ்சின் பாகத்தின் படத்தோடு தலையை ஒப்பிட்டேன். வளையங்களின் வரிசை சரி, ஆனால் துளைகள் வெறும் கறுப்புப் புள்ளிகளாகத்தான் வரையப்பட்டிருக்கின்றன. குடைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பாஸ்குக்குத் தென்னை ஓலை நறுக்கினேன் அண்ணா. அத்தையே கொல்லையிலிருந்து ஒரு கீற்று எடுத்துக்கொடுத்தார். உயரம் 31.5. தலை பெரியது, முன்கை தடித்தது, உடுப்புக்குள் இருக்கும் தோள் மட்டும் மனித அளவு. முகமூடிக்குள் ஓர் ஆள் இருந்தார் என்பதைச் செய்தவர் நினைவில் வைத்திருக்கிறார். உடுப்பைக் கழற்றி முதுகைப் பார்த்தேன். நாடா வெறும் கோடாக அச்சிடப்படவில்லை, கண்ணிகளில் உண்மையாகவே கோத்திருக்கிறது. திரையில் ஒருமுறைகூட நமக்குக் காட்டாத இடம். அந்தப் பழைய பறப்பு உடுப்பின் படத்தோடு ஒப்பிட்டால் கோத்திருக்கும் முறையும் ஒத்துப்போகிறது. யாரோ ஒருவர் தேடிப் படித்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிரீடோ அதற்கு நேர்மாறு. முகம் அருமை, பச்சைத் தோலின் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகின்றன. உட்சட்டையைத் திருப்பினால் ஓரமெல்லாம் பசை, பிசிறு. சந்தையில் அதற்குத்தான் கூடுதல் விலை, எல்லோருக்கும் அவனைத் தெரியும் என்பதால். முதல் பத்தியில் அப்படியே எழுதிவிட்டேன்.

பாஸ்கின் மூக்கு நுனியில் வண்ணம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. எப்படி என்று புரியாமல் அத்தையிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கைத் துடைத்த பிறகு அதே ஈரத்துணியால் இவர்களையும் துடைப்பாராம். முன்னால் நிற்பவன் என்பதால் இவனுக்குத்தான் முதல் துடைப்பு. சந்தைக் கணக்கில் அதற்குக் கழித்திருக்கிறேன்.

பிரித்தாகிவிட்டது. புதிதாகத் திறந்த நான்கில் மூன்றையும் கிரீடோவையும் விற்று இரண்டு பிள்ளைகளுக்கும் பணமாகக் கொடுக்க முடிவு. பட்டை உதிர்ந்ததை எனக்கே தந்துவிட்டார்கள். மற்றவை அலமாரியிலேயே இருக்கும், அடியில் சிலிக்கா ஜெல்லோடு. மூக்கு தேய்ந்தவனை யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்று அத்தை சொல்லிவிட்டார்.

ஊசிநூல் அக்கா, உதிர்ந்த பட்டையை நிஜத் தோலில் புதிதாகச் செய்ய வேண்டும். அரை மில்லிமீட்டருக்குச் சீவிய தோல் உங்களிடம் இருக்குமா? அகலம் 7 மில்லிமீட்டர், நீளம் 14 சென்டிமீட்டர். சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் கடைக்கு வருகிறேன்.

ஊசிநூல் (மயிலாடுதுறை)

சீவிய ஆட்டுத்தோல் துண்டு இருக்கிறது. பழைய பட்டையைத் தூக்கி எறியாமல் உதிரோடு ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள், கொக்கியின் இடத்தை அதில்தான் பார்க்க வேண்டும். பாஸ்கையும் எடுத்துவாருங்கள் தம்பி. அந்த நாடாவை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும்.